உங்கள் மகளுக்கான அளவு

போனில் ஷாப்பிங் ஆப்பைத் திறந்ததும் முதலில் வந்திருக்க வேண்டியது பாவாடை தாவணி. வந்தது முகூர்த்தப் பட்டு. அரக்கு நிறம், கையகலத்துக்கு ஜரிகைக் கரை, முந்தியில் வரிசையாக மாங்காய். படத்துக்குக் கீழே, 'ப்ரியதர்ஷினிக்காக: ஆவணி முகூர்த்தத்துக்கு ஏற்றவை' என்று எழுதியிருந்தது.

ஜெயசித்ரா ஆப்பை மூடினாள். பாத்திரம் கழுவிய ஈரக் கையால் எதையாவது தொட்டிருப்போம் என்று கையைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி திறந்தாள். பட்டுதான். மதியம் மூன்று மணி. வெளியே ஆடிக் காற்று தெருப் புழுதியை அள்ளிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக் கதவையும் ஆட்டிப் பார்த்துக்கொண்டு போனது, எதிர்ச் சாரியில் விசைத்தறிகள் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தன, இறக்கி வைத்த ரசத்தின் பூண்டு வாசம் சமையலறையை விட்டுப் போகாமல் நின்றது. எல்லாம் தினமும் இருக்கிறபடிதான் இருந்தன. அந்தச் சேலை மட்டும்தான் வரக்கூடாத இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

ப்ரியதர்ஷினி அவளுடைய ஒரே மகள். நாலாம் வகுப்புப் படிக்கும்போது ஐந்து நாள் காய்ச்சலில் இறந்துபோனாள். அப்போது ஒன்பது வயது. அது நடந்து ஒன்பது வருஷம் ஆகப்போகிறது.

கல்யாணமாகாமல் போன பெண்பிள்ளை சங்கரன்கோவில் பக்கத்துக் குடும்பங்களில் கன்னி. வீட்டுக்குள்ளேயே இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்வாள் என்று வருஷத்துக்கு ஒருமுறை அவளுக்குப் படைப்பார்கள். இவர்கள் வீட்டில் அது ஆடி மாதம் கடைசி வெள்ளி. புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன், சீப்பு, கண்மை எல்லாம் வாங்கி அவளுக்கென்று இருக்கும் ஓலைப்பெட்டியில் வைத்து, சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கும்பிட்டு, மூடிவிடுவார்கள். அதில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. கன்னிக்கு வயது ஏறக்கூடாது. எந்த வயதில் போனாளோ அந்த வயதுக்கு உள்ள துணியைத்தான் எத்தனை வருஷமானாலும் எடுக்க வேண்டும்.

முதல் மூன்று வருஷம் கணவர் செல்வக்குமார்தான் ரத வீதியில் போய் எடுத்துவந்தார். பஜாரில் அவருக்கு ஸ்டேஷனரி கடை. நாலாவது வருஷம் கொரோனா. கடைகள் சாத்திக் கிடந்தன. பிள்ளைக்குத் துணி இல்லாமல் ஆடி போய்விடக்கூடாது என்று ஜெயசித்ரா போனில் ஆர்டர் போட்டாள். யாருக்காக வாங்குகிறீர்கள் என்று ஆப் கேட்டது. மகளுக்கு என்று தொட்டாள். பெயர் கேட்டது, கொடுத்தாள். பிறந்த தேதி கேட்டது, ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் கொடுத்துப் பழகிய தேதிதானே, அதையும் கொடுத்தாள். இறந்த தேதியை அது கேட்கவில்லை.

மறு வருஷம் ஆடிக்கு அதுவே நினைவுபடுத்தியது. 'ப்ரியதர்ஷினி வளர்ந்திருப்பாள். இந்த ஆண்டு இந்த அளவைப் பாருங்கள்' என்று பதினாலு வயதுப் பிள்ளைக்கான பாவாடை தாவணியைக் காட்டியது. ஜெயசித்ரா அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். சங்கரன்கோவில்காரர்களுக்குத் துக்கம் கேட்க நன்றாக வரும், பதினாறு நாளும் வீடு நிறைய ஆள் இருக்கும். அதற்குப் பிறகு தர்ஷினி என்ற பெயரையே யாரும் எடுத்ததில்லை. அவளோடு படித்த பிள்ளைகள் உயர உயரமாகத் தெருவில் போனார்கள், ஜெயசித்ராவைக் கண்டதும் அவர்களுடைய அம்மாமார் பேச்சை மாற்றினார்கள். அவள் வளர்ந்திருப்பாள் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. ஒரு மெஷின் சொன்னது. அவள் அந்தப் பதினாலு வயது அளவையே எடுத்தாள்.

செல்வக்குமாருக்குத் தெரியாது. துணியை மஞ்சள் துணியில் பொதிந்துதான் படையலில் வைப்பாள், அவர் பிரித்துப் பார்க்கிறவர் இல்லை.

அப்புறம் ஆடிக்கு மட்டும் என்று இல்லாமல் போயிற்று. பத்தாம் வகுப்புக் கணக்கு கைடு காட்டியது, வாங்கினாள். முகப்பரு கிரீம் காட்டியது, என் பிள்ளைக்கு முகப்பருவா என்று சிரித்துக்கொண்டே வாங்கினாள். ஒரு நாள் நாப்கின் பாக்கெட்டைக் காட்டியது. அன்று சாயங்காலம் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டு ஒரு கிண்ணத்தை உள்ளறையில் கொண்டுபோய் வைத்தாள். வயசுக்கு வந்த பிள்ளைக்குக் கொடுப்பது அது. என்ன திடீர்னு களி என்று செல்வக்குமார் கேட்டதற்கு, ஆசையா இருந்தது என்று சொன்னாள். ஓலைப்பெட்டி நிறைந்துபோனபோது, அதைவிடப் பெரிதாக ஒரு மரப்பெட்டியையும் ஆப்தான் காட்டியது. நாலடி நீளம், மூடி வைத்தது. உள்ளறையின் ஜன்னலோரம் அது இருந்தது.

இப்போது இந்தப் பட்டு. விரலால் தள்ளிக் கீழே போனாள். 'இதனுடன் சேர்த்து வாங்கப்படுபவை' என்று மாப்பிள்ளை வேட்டி சட்டை. அதற்குக் கீழே, வாங்கியவர்களின் கருத்து என்று ஒன்றே ஒன்று. ராயகிரியிலிருந்து யாரோ ஐந்து நட்சத்திரம் கொடுத்து, 'மகனுக்கு எடுத்தது. அளவு சரியாக இருக்கிறது' என்று எழுதி ஒரு போட்டோவும் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் வேட்டியும் சட்டையும் ஆள் உட்கார்ந்திருப்பது போல விரித்து வைத்திருந்தது. நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பையனின் படம். படத்துக்கு மாலை, மாலைக்கு மேலே சின்னச் சிவப்பு பல்பு.

அன்று முழுக்க அவள் போனைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பிரின்ஸ் வண்டியை நிறுத்தி ஹார்ன் அடித்தான். பார்சல் கொண்டுவருகிறவன், நாற்பது வயதிருக்கும், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். கையில் தட்டையான ஒரு பெட்டி இருந்தது.

"நான் ஒண்ணும் போடலையே பிரின்சு."

"உங்க அட்ரஸ்தான்க்கா. ப்ரியதர்ஷினி, கேர் ஆஃப் ஜெயசித்ரா. ஆனா காசு கட்டுனது வேற ஆளு." பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். "ராயகிரில பாலம்மாள்னு ஒரு அக்கா. போன வருசம் வரைக்கும் நான் அந்த லைன்தான் பாத்தேன். அவுக நேத்து எனக்குப் போன் பண்ணுனாவ. ஆடி வந்தா மகனுக்கு வேட்டி சட்டை எடுப்பாவ, இந்த வருசம் சேலையச் சேலையக் காட்டுதாம். தெரியாம அமுக்கிட்டாவளாம். அட்ரஸ் அதுவா இங்கன வந்து விழுந்திருக்கு."

"மகன் என்ன செய்தான்?"

பிரின்ஸ் தரையைப் பார்த்தான். "மாரிச்செல்வம்னு ஒரே பையன்க்கா. பதினாறு வயசுல பைக்குல போயி விழுந்து செத்துட்டான். ஏழு வருசம் இருக்கும். வருசா வருசம் அந்தச் சட்டை அளவு மட்டும் ஒண்ணொண்ணாக் கூடிக்கிட்டே வரும். நான் என்ன ஏதுன்னு கேட்டுக்கிடதில்ல."

ஜெயசித்ரா பெட்டியை வாங்கிக்கொண்டாள். "அவங்க வீட்டு வேட்டிய எனக்கு ஏன் காட்டுது?"

"ஒரே மாதிரி வாங்குதவங்கள அது ஒரு கூட்டமாச் சேத்து வச்சிருக்கும்க்கா. இவுக வாங்குனத அவுகளுக்குக் காட்டும், அவுக வாங்குனத இவுகளுக்கு. நீங்க யாரு, வீட்டுல என்ன நடந்துச்சுன்னு அதுக்கு ஒண்ணும் தெரியாது. யாருக்கு யாரு பொருத்தம்னு மட்டும் பாக்கும்." வண்டியில் ஏறிய பிறகு, "வேண்டாம்னா வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லுங்க, திருப்பி எடுத்துக்கிடுதேன்" என்றான்.

பெட்டிக்குள் அதே அரக்குப் பட்டு. முகூர்த்தச் சேலை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார்தான் என்பது அவளுக்கு நினைவு வந்தது. பயந்திருக்க வேண்டும். பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. சேலையை விரித்து உள்ளறைக் கண்ணாடி முன்னால் தன் தோளில் போட்டுப் பார்த்தாள், தர்ஷினி தன்னைவிட நிறம், அவளுக்கு இன்னும் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தாள். பெற்றவளுக்கு இந்தச் சந்தோஷம்கூடக் கிடைக்கக்கூடாதா என்று யாரிடமோ கோபப்பட்டாள். மதியத்துக்கு மேல் ரவிக்கைத் துணியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, அளவுக்கு வேண்டுமே என்று மரப்பெட்டிக்குள் மேலாகக் கிடந்த போன வருஷத்துத் தாவணி ஜாக்கெட்டையும் உருவிக்கொண்டு, நாலு வீடு தள்ளியிருக்கும் ஷிரின் பானுவின் தையல் கடைக்குப் போனாள்.

"யாருக்குக்கா?"

"சொந்தக்காரப் பிள்ளைக்கு. கல்யாணம்."

ஷிரின் பானு ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். இருபது வருஷமாக இந்தத் தெருப் பெண்களின் உடம்பைத் துணியிலேயே படித்து வைத்திருக்கிறவள் அவள். தையலை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"நல்லாப் போட்டுப் பழகுன ஜாக்கெட்டு."

"இல்ல பானு. போன ஆடியில எடுத்தது. ஒருதரம்கூட யாரும் போடல."

"எங்கிட்டயே சொல்லுதியளே. கக்கத்துல வேர்வ பட்டு வெளுத்திருக்கு பாருங்க. பக்கத் தையல ரெண்டுதரம் பிரிச்சு விட்டிருக்கு, கைத் தையலு, பழகாத கை." அவள் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். முதுகுப் பக்கம் நூல் நூலாக வெளிச்சம் தெரிந்தது. "முதுகுதான் ரொம்ப நைஞ்சிருக்கு. இந்தப் பிள்ள எந்நேரமும் குனிஞ்சேதான் உக்காந்திருக்குமோ? கொஞ்சம் நிமிந்து உக்காரச் சொல்லுங்கக்கா. கூன் விழுந்திரும்."

ஜெயசித்ரா ஜாக்கெட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் ஷிரின் பானு ஏதோ கேட்டாள், காற்றில் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். மணி நாலு. நல்ல வெயில். உள்ளறை ஜன்னல் வழியாக வந்த வெயில் மரப்பெட்டியின் மூடியில் சதுரமாக விழுந்திருந்தது. எப்போதும் பழையது எதையும் எடுக்காமல் புதியதை மேலாக வைத்து மூடுகிறவள், அன்று முதல்முறையாக அடி வரை பார்த்தாள்.

துணிகள் அவள் வைத்தபடி அடுக்காக இல்லை. ஓரங்களில் ஒதுக்கி, நடுவில் ஒரு ஆள் சுருண்டு உட்காரும் அளவுக்குக் குழியாக இருந்தது. குழியின் அடிப்பலகை கை பட்டுப் பட்டு மழமழவென்று ஆன நாற்காலிக் கைப்பிடி போல இருந்தது. வாசம் வந்தது. தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்த, தலை குளித்து மூன்று நாளான பிள்ளையின் வாசம். சீப்பில் முடி, நீளமாக, கறுப்பாக. ஜெயசித்ராவுக்குப் பாதி நரைத்துவிட்டது. நாப்கின் பாக்கெட் பிரிந்திருந்தது, எட்டு இருக்க வேண்டியதில் ஒன்று மிச்சம். கணக்கு கைடில் பக்கம் பக்கமாகப் பென்சில் எழுத்து. தப்பான விடையை அடித்துப் பக்கத்திலேயே திருத்திப் போட்டிருந்தது.

அவள் அந்தப் பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்குக் கணக்கு வந்திருக்கிறது என்ற நினைப்பில் மனம் பொங்கியது. யார் சொல்லிக்கொடுத்தார்கள். யாரும் இல்லை. இருட்டில் தானே படித்திருக்கிறாள்.

போனை எடுத்து ஆப்பைத் திறந்தாள். அந்த வேட்டி சட்டைதான் மேலே. ஏன் இதைக் காட்டுகிறோம் என்று ஒரு சின்ன வட்டம் உண்டு, அவள் ஒரு நாளும் தொட்டுப் பார்க்காதது. தொட்டாள். 'ப்ரியதர்ஷினி இந்தப் படத்தை அடிக்கடி பார்ப்பதால்' என்று வந்தது. இந்த மாதம் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு முறை. ராயகிரி வீட்டுப் போட்டோ அது. மாலை போட்ட பையனின் முகத்துக்கு நேராகப் பெரிதாக்கிப் பார்த்திருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது. கல்யாணமானால் போய்விடுவாள்.

செல்வக்குமார் கடையடைத்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். திட்டுவார் என்று நினைத்தாள். கன்னிக்கு வயது ஏற்றியவளைத் திட்டத்தானே வேண்டும்.

"நீ களி கிண்டுன அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுத்த நாள் கிண்ணத்தக் கழுவ எடுத்தேன். தொடச்சு வச்ச மாதிரி காலியா இருந்துச்சு. எறும்புன்னு நெனச்சுக்கிட்டேன். எறும்பு இல்லன்னும் தெரியும். அதுலேருந்து கடையில புதுப் பென்சிலு வந்தா ஒண்ண எடுத்து அந்தப் பெட்டி மேல வச்சிட்டு வந்திருவேன். காலையில இருக்காது."

இரண்டு பேரும் ஒரே வீட்டில் இத்தனை வருஷம் தனித்தனியாகப் பிள்ளை வளர்த்திருக்கிறார்கள். ஜெயசித்ரா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சேர்ந்து அழுதார்கள்.

"கட்டிக் குடுத்துருவோம் சித்ரா" என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டு வீட்டு ஆளும் பெட்டியச் சேத்து வச்சு, மாலைய மாத்தி வச்சிருவோம். அந்தம்மாகிட்ட நானே பேசுதேன்."

"என்ன சொல்லுதிய?"

"பதினெட்டு வயசுப் பிள்ளைய எத்தன நாளைக்குப் பெட்டிக்குள்ளயே வச்சிருப்ப? அவளுக்குன்னு ஒண்ணு வேண்டாமா? போகட்டும்ட்டி."

"எனக்கு யாரு இருக்கா?"

அவர் எழுந்துபோய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் அவர் கடைக்குப் போன பிறகு ஜெயசித்ரா ஆப்பைத் திறந்து, ஒன்பது வயதுப் பிள்ளைக்கான பாவாடை சட்டையைத் தேடினாள். பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை, பஃப் கை. அதைத் தொட்டதும், 'இந்த அளவு ப்ரியதர்ஷினிக்கு மிகவும் சிறியதாக இருக்கும். தொடர விரும்புகிறீர்களா?' என்று கேட்டது. ஆம் என்று தொட்டாள். 'உங்கள் மகளுக்கான அளவு இது அல்ல' என்று மறுபடி வந்தது, சரியான அளவைப் பக்கத்தில் காட்டியது. ஆம் என்று தொட்டாள். காரணம் கேட்டது. கொடுத்திருந்த காரணங்களில் எதுவும் பொருந்தவில்லை. மற்றவை என்பதைத் தொட்டு, அவளுக்கு ஒன்பது வயது என்று எழுதினாள். பிள்ளை போவதைவிட சின்னப் பிள்ளையாக இருப்பது மேல் என்று தோன்றியது. சின்னப் பிள்ளைகள் எங்கேயும் போவதில்லை.

புதன்கிழமை துணி வந்தது. அதைக் கொண்டுவந்த பிரின்ஸிடமே பட்டுச் சேலையைத் திருப்பிக் கொடுத்தாள். வெட்டிய ரவிக்கைத் துணிக்குப் பணம் பிடிப்பார்கள் என்றான், பிடிக்கட்டும் என்றாள். ப்ரியதர்ஷினி என்ற பெயரை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டாள்.

ஆடிக் கடைசி வெள்ளி. பூக்கடையில் கூட்டம், பிச்சி விலை ஏறிக்கிடந்தது. செல்வக்குமார் பூவும் வெற்றிலையும் வாங்கிக் கொடுத்தார். ஜெயசித்ரா சின்னப் பாவாடையைத் தாம்பாளத்தில் வைப்பதைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டினார்.

"நீங்க இருக்கலையா?"

"எனக்கு மனசு ஒப்பல. கோயிலுக்குப் போயிட்டு வாரேன்." வாசல் வரை போனவர் திரும்பி நின்றார். "அவ சொன்ன பேச்சக் கேக்குத பிள்ளைட்டி. பாத்துக்க."

அவர் போன பிறகு பெட்டியைக் காலி செய்தாள். தாவணிகள், கிரீம், கைடு, நாப்கின், பென்சில்கள் எல்லாவற்றையும் ஒரு பெட்ஷீட்டில் மூட்டை கட்டிப் பரணில் போட்டாள். அடிப்பலகையை ஈரத் துணியால் துடைத்தாள். பச்சைப் பாவாடையையும் மஞ்சள் சட்டையையும் விரித்து வைத்து, அதன் மேல் சின்னப் பிள்ளைகள் போடுகிற ஒரு டஜன் கண்ணாடி வளையலும் இரண்டு சிவப்பு ரிப்பனும் வைத்தாள். விளக்கேற்றினாள். சாம்பிராணிப் புகையும் நெய்யும் பிச்சியும் கலந்து அறையில் மூச்சு முட்டியது. "என் தங்கம், உனக்கு ஒம்போது வயசு. இதப் போட்டுக்கிட்டு அம்மாகூடவே இரு" என்று சொல்லி மூடியைச் சாத்தினாள்.

ஆறரை இருக்கும். வெளியே இன்னும் வெளிச்சம் முழுதாகப் போகவில்லை. கரண்ட் போனது.

தறிகள் நின்றன. அவை நிற்கும்போதுதான் தெரு இவ்வளவு அமைதியானது என்று தெரியும். காற்றும் நின்றிருந்தது. விளக்கின் சுடர் நேராக நின்றது. எங்கோ ஒரு வீட்டில் குழந்தை இருமியது.

பெட்டிக்குள் வளையல் சத்தம்.

கண்ணாடியில் கண்ணாடி படுகிற சத்தம். வளையல்காரர் பெரிய கையைப் பிசைந்து பிசைந்து சின்ன வளையலை ஏற்றும்போது வருமே, அது. ஒன்று உடைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அடுத்தது. அதுவும் உடைந்தது.

ஜெயசித்ரா உட்கார்ந்தபடியே பெட்டியை விட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

துணி உரசியது. மூச்சு வாங்குவது கேட்டது. முழங்கையோ முழங்காலோ பலகையில் இடித்தது. மறுபக்கம் இடித்தது. பிறகு தையல் விடுகிற சத்தம். மெதுவாக. ஒவ்வொரு நூலாக.

"தர்ஷினி."

சத்தம் நின்றது.

"பத்தலம்மா."

அவள் இதுவரை கேட்டிராத குரல். பெரிய பிள்ளையின் குரல். ஆனாலும் யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதில் கோபம் இல்லை. தன் உடம்பின் மேல்தான் தப்பு என்பது போல இருந்தது.

கழற்றிவிடு என்று சொல்ல வேண்டும். வேண்டாம் கண்ணே, கழற்றிவிடு, அந்தச் சேலையைத் திரும்ப வாங்கித் தருகிறேன், ராயகிரிக்குப் போ. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாய் வரை வந்தது.

சொன்னால் போய்விடுவாள்.

ஜெயசித்ரா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

மூடி நாலு விரல் அளவுக்கு உயர்ந்தது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு கை வெளியே வந்தது. வளர்ந்த கை. நீண்ட விரல்கள், அவளுடைய விரல்கள் போலவே. ஒரே ஒரு சிவப்பு வளையல் விரல் முட்டிகளைத் தாண்டாமல் இறுகி நின்றது, அதன் கீழே தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. மணிக்கட்டைத் தாண்டி ஏறாமல் மஞ்சள் சட்டையின் கை கிழிந்து தொங்கியது. கை தரையைத் துழாவியது. மூடி உயர்ந்தபோது சரிந்து விழுந்திருந்த ரிப்பனைத் தேடி எடுத்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

மூடி தாழ்ந்தது.

உள்ளே எலும்பு போல ஏதோ நெரிந்தது. ஒரு சின்ன முனகல், அம்மாவுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று அடக்கியது. பிறகு மறுபடியும் துணி உரசத் தொடங்கியது. சொன்ன பேச்சைக் கேட்டு அவள் இன்னும் அதைப் போட்டுக்கொள்ளத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.